செயல்வழிக் கற்றலும் தலைமைத்துவமும்: வினா யாருக்கு உரியது?

1

'தலைமைத்துவ விருத்தி' என்னும் தொடர் இன்று அரசாங்கத் திணைக்களங்கள், கூட்டுத்தாபனங்கள், வங்கிகள், பல்கலைக்கழகங்கள், தொண்டு நிறுவனங்கள் ஆகிய யாவற்றிலும் பரவலாக வழங்குகின்றது. அதன்பொருட்டு நடத்தப்பெறும் பயிற்சி வகுப்புகளின் அமைப்பு ஏறத்தாழ ஒரே தன்மையது. அழைத்துவரப்படும் மதியுரைஞர் தலைவனுக்குரிய பண்புகளை வரிசைப்படுத்துவார், பங்குபற்றுவோர் குறிப்பெடுப்பர், நிறைவில் சான்றிதழ்கள் வழங்கப்படும். மறுநாட் காலையில் அவரவர் தத்தம் மேசைக்குத் திரும்பும்போது, முன்பிருந்த சிக்கல்கள் முன்பிருந்தவாறே அங்கு காத்திருக்கும்.

இத்தகைய கற்பித்தல் முறையினை முதலாளித்துவ நிறுவனங்களுக்குள் நின்றவாறே மிகக் கடுமையாக விமர்சித்தவர் ஆங்கிலேயரான றெஜினால்ட் றெவன்ஸ் (1907–2003) ஆவார். அவர் வகுத்தளித்த மாற்று முறையே 'செயல்வழிக் கற்றல்' எனப்படுவது. சிறுவர்களுக்கு விளையாட்டுகளும் அட்டைகளும் கொண்டு பாடம் பயிற்றும் வகுப்பறை முறையும் தமிழில் இதே பெயரால் வழங்குவதுண்டு. இங்கு எடுத்துக்கொள்ளப்படுவது அதுவன்று. பொறுப்பான பதவிகளில் இருப்போர் தாம் எதிர்கொள்ளும் உண்மையான பிரச்சினையொன்றைச் சிறு குழுவொன்றின் முன் வைத்து, குழுவினரின் வினாக்களுக்கு ஆட்பட்டு, செயலில் இறங்கி, அச்செயலின் பேற்றினைத் திரும்பவும் குழுவின் முன் வைத்துக் கற்றுக்கொள்ளும் முறையே இங்கு கருதப்படுவதாகும்.

முகாமைத்துவத் துறைக்குரிய இவ்விடயத்தை இலக்கிய மாணவனொருவன் எடுத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. இம்முறையின் உயிர்நிலை வினாவாகும். வினா பற்றி நமது இலக்கண மரபு நுணுக்கமாகச் சிந்தித்துள்ளது. நன்னூலார் வினாவினை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என ஆறாக வகுத்துள்ளார். விடையைத் தான் அறிந்துகொண்டே மாணவனைச் சோதிக்கும் ஆசிரியன் கேட்பது அறிவினா. உண்மையிலேயே அறியாதவன் அறிய விரும்பிக் கேட்பது அறியாவினா. வினாவின் வடிவிலே கட்டளையிடுவது ஏவல்வினா, "விளக்கேற்றியாயிற்றா?" என்று மாமியார் மருமகளைக் கேட்பது விளக்கை ஏற்று என்பதற்கே. மூன்றும் வடிவத்தில் ஒன்றே. அவற்றை வேறுபடுத்துவது கேட்பவருக்கும் கேட்கப்படுபவருக்கும் இடையிலுள்ள உறவாகும். இலக்கணம் இவ்விடத்தில் தன்னையறியாமலே ஒரு சமூக உண்மையைத் தொட்டுச் செல்கின்றது எனலாம்.

செயல்வழிக் கற்றல் அறிவினாவினை அகற்றி அதனிடத்தில் அறியாவினாவினை வைக்க முயன்ற ஒரு முறையாகும். அது பெற்ற வெற்றி எத்தகையது, எந்த எல்லையில் அந்த அறியாவினா ஏவல்வினாவாக மாறிவிடுகின்றது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

கருத்துகள் வானத்திலிருந்து விழுவனவல்ல. றெவன்சின் கருத்தும் குறிப்பிட்ட வரலாற்றுச் சூழல்களிலிருந்து உருவானதே. அவருடைய தந்தையார் கப்பற் பரிசோதகர். 1912இல் டைட்டானிக் கப்பல் மூழ்கியதைத் தொடர்ந்து நடைபெற்ற விசாரணையுடன் தொடர்புற்றவர். அவ்விசாரணையிலிருந்து தந்தையார் கற்றுக்கொண்டது யாது எனத் தாம் பிற்காலத்தில் வினவியதாகவும், கெட்டித்தனத்துக்கும் மெய்யறிவுக்கும் உள்ள வேறுபாட்டை உணர்ந்துகொள்ள வேண்டும் என்பதே விடையாகக் கிடைத்ததாகவும் றெவன்ஸ் பல இடங்களிற் கூறியுள்ளார்.

பௌதிகம் பயின்ற அவர், கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கவெண்டிஷ் ஆய்வுகூடத்திலே பணிபுரிந்தார். ஜே. ஜே. தொம்சன், ஏணஸ்ட் றதர்போட் போன்ற பேரறிஞர்கள் அங்கு இருந்த காலம் அது. வாராந்தம் கூடிய ஆய்வாளர் தாம் கண்டுபிடித்தவற்றை மாத்திரமன்றி, தமக்கு விளங்காதவற்றையும் ஒருவர் முன் ஒருவர் வைத்து உரையாடியமை றெவன்சின் மனத்திற் பதிந்தது. நோபல் பரிசு பெற்றவர்கள் தமது அறியாமையை வெட்கமின்றி ஒப்புக்கொள்ளக்கூடுமாயின், தொழிற்சாலை முகாமையாளர் ஏன் ஒப்புக்கொள்ளலாகாது என்பதே அவர் பின்னர் எழுப்பிய வினாவாகும்.

1935இல் ஆய்வுகூடத்தை விட்டு நீங்கி, எசெக்ஸ் மாவட்டக் கல்வி நிருவாகத்திற் சேர்ந்தார். வைத்தியசாலைகளில் தாதியர் பற்றாக்குறை குறித்து 1938இல் அவர் எழுதிய அறிக்கை, நிறுவனங்களின் அகவாழ்வு பற்றிய அவரது நீண்ட சிந்தனையின் தொடக்கமாயிற்று. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலின் கல்வித் திட்டங்களுக்குப் பொறுப்பேற்றார். 1947 ஜனவரி 1ஆம் திகதி பிரித்தானியச் சுரங்கங்கள் தேசியமயமாக்கப்பட்டு, தேசிய நிலக்கரிச் சபையின் ஆட்சிக்குட்பட்டபொழுது, அச்சபையின் கல்விப் பணிப்பாளராக விளங்கினார்.

இக்கட்டம் நமது கவனத்துக்குரியது. சுரங்கங்கள் மக்களுடைமை ஆயின என்று சுரங்க வாயில்களிலே அறிவிப்புப் பலகைகள் நாட்டப்பட்டன. ஆயின் நிலத்தடியிலே தொழிலாளி எதிர்கொண்ட முகாமையாளர் பெரும்பாலும் பழையவரே. அதிகார ஒழுங்கும் பழையதே. உடைமை உறவு சட்டத்தில் மாறியது. வேலைத்தலத்தின் உறவு மாறவில்லை. இந்நிலையிலே றெவன்ஸ் சுரங்கங்களுக்குள் இறங்கி, தொழிலாளருடன் பழகி, சுரங்கத்தின் சிக்கல்களை நன்கு அறிந்தோர் சுரங்கத்தில் உள்ளோரேயன்றி வெளியிலிருந்து வரும் நிபுணரல்லர் என்னும் முடிவுக்கு வந்தார். சுரங்க முகாமையாளர் ஒருவர் மற்றவருடைய சுரங்கத்துக்குச் சென்று, சிக்கல்களைக் கண்டு, வினாவெழுப்பி, தம்முள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்க வேண்டும் என்பது அவர் முன்வைத்த திட்டம். 1950இல் அவர் அப்பதவியிலிருந்து விலகினார். வேலைத்தலத்தின் பருமன் அதிகரிக்குந்தோறும் தொழிலாளரின் மனவுறுதி குன்றுவதை 1950களில் அவர் தொடர்ந்து ஆராய்ந்தார் என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது.

3

இனி, முறையின் இயல்பினைச் சற்று விரிவாக நோக்குவோம். றெவன்ஸ் அதனை ஓர் எளிய சமன்பாடாகத் தந்தார்: கற்றல் என்பது தொகுத்த அறிவும் வினவும் நுண்ணறிவும் சேர்ந்தது. தொகுத்த அறிவு என்பது நூல்களிலும் விரிவுரைகளிலும் கிடைப்பது. நேற்றைய சிக்கல்களுக்குக் காணப்பட்ட தீர்வுகளின் திரட்டு. அதனை அவர் புறக்கணித்தாரல்லர். ஆயின் சூழல் விரைந்து மாறுங்காலத்து, நேற்றைய விடை இன்றைய வினாவினை மறைத்துவிடக்கூடும். ஒரு நிறுவனம் கற்கும் வேகம் அதன் புறச்சூழல் மாறும் வேகத்துக்குக் குறையுமாயின் அந்நிறுவனம் நிலைக்காது என்பது அவருடைய புகழ்பெற்ற கூற்றாகும்.

புதிருக்கும் பிரச்சினைக்கும் உள்ள வேறுபாட்டையும் அவர் வற்புறுத்தினார். புதிருக்கு எங்கோ ஒரு விடை உண்டு. அதைக் கண்டறிதல் கடினமாயினும் அதற்குரிய நிபுணர் இருப்பர். பழுதடைந்த பொறியினைத் திருத்துவது ஒரு புதிர். பிரச்சினைக்கு அத்தகைய ஒரே விடை இல்லை. நேர்மையும் அனுபவமும் உடைய இருவர் அதற்கு முற்றிலும் வேறான வழிகளைக் கூறக்கூடும். பயிற்சி பெற்ற தாதியர் ஆண்டுதோறும் வேலையை விட்டு நீங்குவது ஏன் என்பது பிரச்சினை. தலைமைத்துவம் தேவைப்படுவது புதிர்களுக்கன்று, பிரச்சினைகளுக்கே. ஆகவே, தலைமைத்துவத்தைப் புதிர்களைத் தீர்க்கும் வகுப்பறையிற் கற்பிக்க முடியாது என்பது தெளிவாகும்.

நடைமுறையில் இம்முறை பின்வருமாறு இயங்கும். ஐவர் அல்லது அறுவர் கொண்ட குழுவொன்று அமைக்கப்படும். ஒவ்வொருவரும் தாம் உண்மையாகப் பொறுப்பேற்றுள்ள பிரச்சினையொன்றைக் கொண்டுவருவர். குழு சில வாரங்களுக்கொருமுறை கூடும். ஒவ்வொருவருக்கும் சமமான நேரம் ஒதுக்கப்படும். ஒருவர் தமது பிரச்சினையை எடுத்துரைத்ததும் மற்றையோர் ஆலோசனை கூற முற்படலாகாது. வினாக்களையே எழுப்புதல் வேண்டும். "நீர் செய்ய எண்ணியது யாது? அதற்குத் தடையாக நிற்பது எது? அத்தடை உமக்கு வெளியே உள்ளதா, உமக்குள்ளேயே உள்ளதா? இதுவரை நீர் யாரிடம் இதுபற்றிப் பேசவில்லை?" என்றவாறு அவை அமையும். கூட்டம் முடியுமுன் அவர் தாம் செய்யப்போவது ஒன்றைக் குறிப்பிட்டுச் சொல்லுதல் வேண்டும். அடுத்த கூட்டத்தில், செய்தது என்ன, எதிர்பார்த்தது என்ன, நேர்ந்தது என்ன என்பனவற்றை அறிக்கைப்படுத்துவார். எதிர்பார்த்ததற்கும் நேர்ந்ததற்கும் இடையிலுள்ள இடைவெளியிலேதான் கற்றல் நிகழ்கின்றது.

இம்முறையில் விரிவுரையாளருக்கு இடமில்லை. குழுவை ஆரம்பத்தில் நெறிப்படுத்த ஆலோசகர் ஒருவர் இருக்கலாமாயினும், அவர் விரைவிலே தேவையற்றவராகிவிடுதல் வேண்டும் என்பது றெவன்சின் கருத்து. குழுவினரை அவர் இடரிலே தோழர்கள் என்ற கருத்துப்பட வருணித்தார். பிறர் முன்னிலையிலே தமது அறியாமையை ஒப்புக்கொள்வதால் ஏற்படும் கூச்சத்தைப் போக்குவது இத்தோழமையே.

மார்க்சிய வாசகருக்கு இவை முற்றிலும் புதியனவல்ல. கற்பிப்பவனும் கற்பிக்கப்பட வேண்டியவன் என்னும் கருத்தை மார்க்ஸ் 1845இல், பொயர்பாக் பற்றிய குறிப்புகளிலே எழுதிவைத்தார். நடைமுறையிலிருந்து அறிவும் அறிவிலிருந்து மீண்டும் நடைமுறையும் என்ற சுழற்சியை மாஓ 1937இல் விளக்கினார். கற்போனை வெறுங்கலமாகக் கருதி அதனுள் அறிவைக் கொட்டும் கல்வியை எதிர்த்து, வினாவழிக் கல்வியைப் பிறேசிலின் பாவுலோ பிறேயர் வற்புறுத்தினார். றெவன்ஸ் இவர்களிடமிருந்து கற்றார் என்பதன்று நமது வாதம். உழைப்பிலிருந்தும் செயலிலிருந்தும் பிரிக்கப்பட்ட அறிவு ஊனமுற்றது என்ற உண்மை, முதலாளித்துவ உற்பத்தியின் உள்ளேயிருந்தும் தன்னை உணர்த்துகின்றது என்பதே கவனிக்கத்தக்கது.

4

இம்முறைக்கு வலுவூட்டிய ஆய்வுகளுள் வைத்தியசாலைகள் பற்றியவை முதன்மையானவை. 1955 தொடக்கம் 1965 வரை மான்செஸ்டரில் கைத்தொழில் நிருவாகப் பேராசிரியராக இருந்த காலத்தில் றெவன்ஸ் இத்துறையில் ஈடுபட்டார். இது தொடர்பான அவரது நூல் 1964இல் வெளிவந்தது. பயிற்சித் தாதியர் வேலையை விட்டு நீங்குதல், மூத்த தாதியர் பணியில் நிலைத்திருத்தல், நோயாளர் வைத்தியசாலையிற் தங்கும் காலம் ஆகியவற்றிடையே தொடர்பு உண்டென அவர் கண்டார். இவற்றின் அடியில் இருந்ததோ தொடர்பாடலின் தன்மையாகும். அஞ்சாமல் வினாக் கேட்கக்கூடிய சூழல் உள்ள வைத்தியசாலையிலே தாதியர் நிலைத்தனர்; நோயாளரும் விரைவில் வீடு திரும்பினர். கேள்வி கேட்பது அடங்காமையாகக் கருதப்பட்ட இடத்திலே தாதியர் நீங்கினர். நோயாளரின் நாட்களும் நீண்டன.

இதன் பொருளைச் சற்று ஆழ்ந்து நோக்குதல் தகும். நள்ளிரவில் மருந்தளவு பற்றி ஐயம் எழுந்த இளந்தாதியொருத்தி, மூத்தவரின் ஏச்சுக்கு அஞ்சி வாய்திறவாதிருப்பாளாயின், அம்மௌனத்தின் விலையைச் செலுத்துபவர் கட்டிலிற் கிடக்கும் நோயாளியே. அதிகாரப் படிநிலை என்பது வெறும் மரியாதைப் பிரச்சினையன்று. அது உடல்மீது எழுதப்படும் ஒன்று. 1960களின் நடுப்பகுதியில் இலண்டனின் பத்து வைத்தியசாலைகளில் றெவன்ஸ் மேற்கொண்ட திட்டத்திலே, வைத்தியரும் தாதியரும் நிருவாகிகளும் சேர்ந்து தமது வைத்தியசாலையின் சிக்கல்களைத் தாமே ஆராய முற்பட்டமை இவ்வுணர்விலிருந்து பிறந்ததாகும்.

1965இல் மான்செஸ்டரிலே அமெரிக்கப் பாணியிலான வணிகக் கல்லூரி தோன்றிய தறுவாயில் றெவன்ஸ் பேராசிரியர் பதவியைத் துறந்து பெல்ஜியம் சென்றார். அங்கு 1968இல் தொடங்கிய திட்டத்தில் ஐந்து பல்கலைக்கழகங்களும் இருபதுக்கு மேற்பட்ட பெருநிறுவனங்களும் பங்குகொண்டன. ஒரு நிறுவனத்தின் மூத்த முகாமையாளர் தமக்குச் சிறிதும் பழக்கமில்லாத மற்றொரு தொழில் நிறுவனத்துக்குச் சென்று, அதன் தலையாய பிரச்சினையொன்றை ஆராய்ந்தார். தாம் தேர்ச்சிபெற்ற துறையிலே நாணத்தால் கேட்க முடியாத அடிப்படை வினாக்களை, அறியாத துறையிலே அவர் தயக்கமின்றிக் கேட்க முடிந்தது. அறியாமை ஒரு குறையாக அன்றி ஒரு கருவியாக மாறியது.

இத்திட்டத்தின்போது பங்குபற்றியோர் கேட்கப் பழகிய மூன்று வினாக்கள் இம்முறையின் சாரத்தைத் தருவன. இப்பிரச்சினையைப் பற்றி அறிந்தவர் யார்? அதில் அக்கறை உடையவர் யார்? அதைக் குறித்து ஏதேனும் செய்ய வல்லவர் யார்? அறிவு, அக்கறை, ஆற்றல் ஆகிய மூன்றும் ஒன்றுகூடும்போதே பிரச்சினை தீர்வினை நோக்கி நகரும் என்பது இதன் உட்பொருள்.

5

றெவன்ஸ் சிறப்பாக எழுப்பிய இம்மூன்று வினாக்களுக்கும் முழுமையான விடையை அவர் தேடினாரல்லர். முதலாளித்துவ நிறுவனமொன்றில் அறிவும் அக்கறையும் ஆற்றலும் வெவ்வேறு இடங்களிலே கிடப்பது ஏன் என்ற நான்காவது வினா எழுப்பப்படவேயில்லை.

இப்பிரிவினை இயற்கையாக நேர்ந்ததன்று. 1911இல் பிறெட்றிக் டெயிலர் தமது 'அறிவியல்முறை முகாமைத்துவ'க் கோட்பாட்டை நூலாக வெளியிட்டபோது, தொழிலாளரின் கைத்திறனில் உறைந்திருந்த அறிவினைத் திரட்டி முகாமையிடம் ஒப்படைப்பதையே அதன் முதற்பணியாகக் கொண்டார். சிந்தித்தல் ஒருபுறம், செய்தல் மறுபுறம் எனப் பிளவுண்டமையை ஹறி பிறேவர்மன் 1974இல் விரிவாக ஆராய்ந்தார். றெவன்ஸ் பணிபுரிந்த அதே பிரித்தானியச் சுரங்கத் தொழிலை எறிக் டிறிஸ்ட், கென் பாம்போர்த் ஆகியோர் ஆராய்ந்து 1951இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு வலுவான சான்றாகும். தம் வேலையைத் தாமே ஒழுங்குசெய்துகொண்ட சிறு சுரங்கக் குழுக்களை, நீள்சுவர் முறையிலான இயந்திர வெட்டு எவ்வாறு சிதைத்தது என்பதை அது காட்டியது. ஆசிரியருள் ஒருவரான பாம்போர்த் பல்லாண்டுகள் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

பிளவினைத் தோற்றுவித்த அமைப்பே, அதனால் விளையும் அறியாமையினால் தொல்லையுறுகின்றது. மேலிருப்போருக்குக் கீழ்நிலையின் உண்மை எட்டுவதில்லை. செயல்வழிக் கற்றல் அவ்விடைவெளியை நிரப்பும் முயற்சியாக வரவேற்கப்பட்டதற்கு இதுவே காரணம். 1974இல் ஆர்னல்ட் வைன்ஸ்டொக் தலைமையிலான பிரித்தானிய ஜெனரல் இலெக்றிக் கம்பனி தனது மூத்த முகாமையாளருக்கென இம்முறையைக் கைக்கொண்டது. 1960களின் பிற்கூற்றில் பெரும் நிறுவன இணைப்புகளை மேற்கொண்டு, தொழிற்சாலைகளை மூடி, ஆயிரக்கணக்கானோரை வேலையிழக்கச் செய்த கம்பனி அது. அங்கே குழுவிற் கூடியோர் முகாமையாளர். அவர்களுடைய பிரச்சினைகள் கம்பனியின் பிரச்சினைகள். இடரிலே தோழர்கள் எனப்பட்டோருள், வேலையிழந்து இடருற்றோர் எவரும் இருந்திலர்.

இதே பெயரைக் கொண்ட, ஆயின் இதனோடு தொடர்பற்ற அமெரிக்க ஜெனரல் இலெக்றிக் நிறுவனத்தின் கதை இன்னும் தெளிவானது. 1980இன் இறுதியில் அங்கு ஏறத்தாழ 4,11,000 ஊழியர் இருந்தனர். ஜக் வெல்ச் தலைவரான பின், 1985இன் இறுதியில் அத்தொகை ஏறத்தாழ 2,99,000 ஆகக் குறைந்தது. எஞ்சியோர் முன்பிருந்தோரின் வேலையையும் சேர்த்துச் சுமக்க நேர்ந்தது. 1980களின் முடிவில், செயல்வழிக் கற்றலுடன் நெருங்கிய உறவுடைய 'வேர்க்-அவுட்' என்னும் கூட்டமுறை அங்கு புகுத்தப்பட்டது. ஊழியர் குழுக்களாகக் கூடி, வீணான வேலைகளைச் சுட்டிக்காட்டி, யோசனைகளை முன்வைப்பர். முகாமையாளர் அவ்விடத்திலேயே விடை கூறுதல் வேண்டும். ஊழியர் வாய்திறக்க இடமளித்தது என்ற வகையில் இது முன்னேற்றமே. ஆயின் எத்தனை பேர் வேலை செய்வது, இலாபம் யாரைச் சேர்வது, எந்த ஆலை இருப்பது, எது மறைவது என்பன அக்கூட்டங்களுக்கு அப்பாற்பட்டவையாகவே இருந்தன. "இவ்வேலையை எவ்வாறு விரைவாகச் செய்யலாம்?" என்பது அறியாவினாவின் தோற்றமுடையது. விடையின் எல்லை முன்கூட்டியே வரையறுக்கப்பட்ட பின், அது ஏவல்வினாவே.

6

அவ்வாறாயின் செயல்வழிக் கற்றல் முதலாளியின் கருவி மாத்திரந்தானா? அவசரப்பட்டு இம்முடிவுக்கு வருதல் பொருந்தாது. பிரித்தானிய ஜெனரல் இலெக்றிக் கம்பனி தன் முகாமையாளரைக் குழுக்களாக அமர்த்திய அதே தசாப்தத்தில், அதே நாட்டில், மற்றொரு பொறியியற் கம்பனியின் தொழிலாளர் இத்தகையதொரு முறையினைத் தாமே கண்டெடுத்தனர். அதற்கு அவர்கள் செயல்வழிக் கற்றல் என்று பெயரிடவில்லை.

லூக்காஸ் ஏரோஸ்பேஸ் கம்பனி விமான உதிரிப் பாகங்களை உற்பத்திசெய்தது. அதன் பணியிற் கணிசமான பகுதி இராணுவத் தேவைகளைச் சார்ந்தது. வேலைநீக்கங்கள் தொடர்ந்தபோது, பல்வேறு தளங்களிலும் பல்வேறு தொழிற்சங்கங்களிலும் பிரிந்துகிடந்த தொழிலாளர் பிரதிநிதிகள் ஒரு கூட்டுக்குழுவாக இணைந்தனர். 1974இல் அவர்கள் அப்போதைய கைத்தொழில் அமைச்சரான டோனி பென்னைச் சந்தித்தனர். வேலைநீக்கத்தை எதிர்ப்பதோடு நில்லாது, சமூகத்துக்குப் பயன்படும் மாற்று உற்பத்திகளைத் தாமே முன்மொழிவது என்ற எண்ணம் அவர்களிடையே வலுப்பெற்றது.

முதற்கண் அவர்கள் செய்தது யாவரும் செய்வதையே: நிபுணரை நாடினர். பல்கலைக்கழகங்கள், நிறுவனங்கள், அறிஞர்கள் என ஏறத்தாழ 180 இடங்களுக்குக் கடிதம் எழுதினர். பயனுள்ள பதிலளித்தோர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. பல்கலைக்கழகத்திலே ஊதியம் பெறும் நாம் இச்செய்தியை விரைந்து கடந்து செல்லலாகாது. அதன் பின்னரே தாம் முதலில் கேட்டிருக்க வேண்டியவர்கள் யார் என்பது அவர்களுக்குப் புலனாயிற்று. வினாக்கொத்தொன்றைத் தயாரித்துத் தம் சகதொழிலாளரிடம் கேட்டனர். உங்கள் தளத்தில் எத்தகைய இயந்திரங்கள் உள்ளன? உங்களிடம் என்னென்ன திறன்கள் உண்டு? உழைப்பாளர் என்ற வகையில் மாத்திரமன்றி, பொருள்களைப் பயன்படுத்துவோர் என்ற வகையிலும் எதனைச் செய்ய வேண்டும் என நினைக்கிறீர்கள்?

ஏறத்தாழ 150 உற்பத்திப் பொருள்களுக்கான யோசனைகள் திரண்டன. சிறுநீரக நோயாளருக்கான இயந்திரங்கள், வீடுகளுக்கு வெப்பமூட்டும் சிக்கனமான கருவிகள், தெருவிலும் தண்டவாளத்திலும் ஓடவல்ல வாகனம், முள்ளந்தண்டில் பிறவிக் குறைபாடுடைய சிறுவர் தாமாகவே நகர்ந்து செல்ல உதவும் வண்டி ஆகியன அவற்றுட் சில. 1976 ஜனவரியில் இத்திட்டம் வெளியிடப்பட்டது. கம்பனி அதனை நிராகரித்தது. திட்டத்தின் முன்னணியில் நின்ற வடிவமைப்புப் பொறியியலாளர் மைக் கூலி 1981இல் வேலைநீக்கம் செய்யப்பட்டார். அதே ஆண்டில் 'மாற்று நோபல்' எனப்படும் சர்வதேசப் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

றெவன்சின் மூன்று வினாக்களை இந்நிகழ்வின்மீது வைத்துப் பார்ப்போம். அறிந்தவர் யார்? தொழிலாளர். அக்கறை உடையவர் யார்? தொழிலாளரும், அப்பொருள்களை வேண்டிநின்ற நோயாளரும் சிறுவரும். செய்ய வல்லவர் யார்? பங்குதாரரின் பெயரால் ஆட்சி செலுத்திய பணிப்பாளர் சபை. அறிவும் அக்கறையும் ஒருபுறம் திரண்டு நிற்க, ஆற்றல் மறுபுறம் நின்று கதவடைத்தது. கற்றலின் குறைபாட்டினால் இத்திட்டம் தோற்கவில்லை. உடைமை உறவே அதனைத் தோற்கடித்தது. எனினும் அத்தொழிலாளர் பெற்ற தலைமைத்துவம் தோல்வியுற்றதென யார் கூறுவர்? பட்டறையில் நின்றோர் தம் கைத்திறனைச் சமூகத் தேவையோடு இணைத்துச் சிந்திக்கவும், பிரிந்துகிடந்த சங்கங்களை ஒன்றிணைக்கவும், அமைச்சரோடும் பணிப்பாளரோடும் ஆதாரங்களுடன் வாதிடவும் கற்றனர். 1919–20 காலப்பகுதியில் டூரின் நகரத் தொழிற்சாலைச் சபைகளிலே கிராம்ஷி கண்ட, உற்பத்தியிலிருந்தே முகிழ்க்கும் அறிவுத்தலைமை இதுவேயாகும்.

7

றெவன்சை நாம் நியாயமாகவே மதிப்பிட வேண்டும். நிபுணத்துவத்தின் ஆணவத்தை அவர் அளவுக்கு எதிர்த்தவர் முகாமைத்துவத் துறையில் அரியர். கீழுள்ளோர் வாய்திறக்க முடியாத இடத்தில் நோயாளியும் நலம்பெறார் என்பதை அளந்து காட்டியவர் அவர். ஆயின் மேலிடத்தின் ஆதரவு இன்றி எதுவும் நடைபெறாது என்பதை அவர் நடைமுறை உண்மையாக ஏற்றுக்கொண்டார். அதன் வர்க்க அடிப்படையை வினாவுக்கு உட்படுத்தவில்லை. 1990கள் தொடக்கம் பிரித்தானிய ஆய்வாளர் சிலர் 'விமர்சன நோக்கிலான செயல்வழிக் கற்றல்' என்ற பெயரில் அதிகாரம், பால் வேறுபாடு, அச்சம் ஆகியவற்றைக் குழுவின் உரையாடலுக்குள் கொண்டுவர முயன்றுள்ளமை வரவேற்கத்தக்கது. எனினும் குழுவின் சுவருக்குள் அதிகாரத்தைப் பேசுவதும், அதிகாரத்தை இடம்பெயர்ப்பதும் ஒன்றல்ல.

மற்றொன்றையும் இங்கு கூறாது விடுதல் நேர்மையாகாது. அறிவினாவின் ஆட்சி முதலாளித்துவ நிறுவனங்களுக்கு மட்டும் உரியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாவலர் சைவ வினாவிடைகளை எழுதியபோது விடை முன்னரே உறுதியாயிருந்தது. மத போதனைக்கு அவ்வடிவம் பொருத்தமானதே. ஆயின் முற்போக்கு இயக்கங்களின் கற்கை வட்டங்கள் பலவும் அதே வடிவத்தைப் பின்பற்றிவந்துள்ளன. தோழர் ஒருவர் வினாவெழுப்புவார். விடை அவரது கைப்பிரசுரத்தில் இருக்கும். தோட்டத் தொழிலாளியோ கடற்றொழிலாளியோ எழுந்து, அவ்விடைக்கு அடங்காத தமது அனுபவமொன்றைக் கூறினால், அது 'உணர்வு குறைந்த நிலை'யின் வெளிப்பாடாகக் கொள்ளப்படும். நமது பல்கலைக்கழக விரிவுரை மண்டபங்களின் நிலையும் இதனின் வேறன்று. நமது மாணவர் எத்தனை பேர் தமக்கு விளங்காததை அச்சமின்றி நம்மிடம் கேட்கின்றனர் என்று எண்ணிப் பார்ப்போமாயின், அத்தாதியரின் மௌனம் நமக்கு அந்நியமானதாகத் தோன்றாது.

ஆகவே, செயல்வழிக் கற்றலை முழுமையாக ஏற்பதோ முழுமையாக ஒதுக்குவதோ அறிவுடைமையாகாது. அத்தகையதொரு குழுவில் இணையுமாறு அழைக்கப்படும் எவரும் மூன்றினைக் கேட்டறிதல் வேண்டும். ஆராயப்படும் பிரச்சினையைத் தெரிவுசெய்தவர் யார்? அப்பிரச்சினையே தவறாக வகுக்கப்பட்டது என்று கூறும் உரிமை குழுவுக்கு உண்டா? குழுவின் முடிவினால் பாதிக்கப்படுவோர் குழுவில் உள்ளனரா? இவற்றுக்குச் சாதகமான விடை கிடைக்குமாயின், அங்கு அறியாவினா பிறக்க இடமுண்டு. கிடைக்காதவிடத்து, அங்கு நடைபெறுவது இனிய குரலில் இடப்படும் ஏவலாகும்.

தலைமைத்துவம் என்பது சிலரிடம் அமைந்துள்ள பண்புகளின் தொகுதியன்று. தமது வாழ்வைத் தீர்மானிக்கும் வினாக்களைத் தாமே எழுப்பவும், அவற்றுக்கான விடையைச் செயலிலே சோதிக்கவும், அச்சோதனையிற் கற்றதைப் பிறரோடு பகிரவும் மக்கள் பெறும் கூட்டாற்றலே அது. லூக்காஸ் தொழிலாளர் தம் சகதொழிலாளருக்கு அனுப்பிய வினாக்கொத்து அதற்கு ஒரு தொடக்கமாயிருந்தது. நமது தொழிற்சங்கங்களிலும், கூட்டுறவுச் சங்கங்களிலும், வைத்தியசாலைகளிலும், விரிவுரை மண்டபங்களிலும் அத்தகைய வினாக்கொத்துகளைத் தயாரிக்கும் பணி நம்மைக் காத்திருக்கின்றது. அவற்றைத் தயாரிக்கும்பொழுது, விடையை முன்னரே எழுதிவைக்காதிருக்க நாம் முதலிற் கற்றுக்கொள்ளல் வேண்டும்.